பழைய டீசல் வேனின் பின்பகுதியில் இன்னொரு மின் சொக்கட்: வயரை எங்கிருந்து எடுப்பது?

கொட்டகலை வேன்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய ஜப்பானிய டீசல் வேன். பாடசாலை நாட்களில் கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறேன். டிசம்பர் போயாவோடு சிவனொளிபாதமலைப் பருவகாலம் தொடங்கினால், வெசாக் முடியும் வரை மலையடிவாரத்தில் உள்ள நல்லதண்ணிக்கு இரவு ஹயர்களும் கிடைக்கும். வண்டியில் இருப்பது டாஷ்போர்டில் உள்ள ஒரே ஒரு லைட்டர் சொக்கட் மட்டுமே. அதில் கமரா எப்போதும் செருகப்பட்டிருப்பதால், பின்னால் இருப்பவர்கள் கைபேசியைச் சார்ஜ் செய்ய முன்னால் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வளைவிலும் அது எங்கே விழுந்தது என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.

இரண்டாம் வரிசை ஆசனத்துக்குப் பக்கத்தில், கதவின் எதிர்ப்புறச் சுவரில், ஒரு 12 வோல்ட் சொக்கட்டும் அதனோடு இரண்டு யூஎஸ்பி துளைகளும் பொருத்த விரும்புகிறேன். டாஷ்போர்டுச் சொக்கட்டின் வயரை வெட்டி, அதிலிருந்தே கிளை எடுத்துப் பின்னால் கொண்டுபோகலாம், அரை மணித்தியால வேலை என்று ஒரு கராஜில் சொன்னார்கள். அப்படிச் செய்யலாமா? பற்றரி சாரதி ஆசனத்துக்கு அடியில் இருக்கிறது. மேலும், வழமையாக வரும் ஒரு குடும்பம், தங்கள் பிள்ளையின் இழுப்புக்குப் பாவிக்கும் நெபுலைசரை வண்டியிலேயே இயக்க முடியுமா என்று கேட்கிறது. விபரம் தெரிந்தவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன்.

பண்டாரவளை மின்வேலை எழுதியது:

வணக்கம் அண்ணன். கராஜில் சொன்ன வழி, ஒரு கைபேசி சார்ஜருக்கு மட்டும் என்றால் ஓடும். நீங்கள் சொல்லும் பாவனைக்கு அது பொருந்தாது. காரணம் இதுதான்: தொழிற்சாலையில் டாஷ்போர்டுச் சொக்கட்டுக்குப் போட்ட வயரும் பியூஸும் அந்த ஒரு சொக்கட்டுக்காகக் கணக்கிடப்பட்டவை. உங்கள் பியூஸ் பெட்டியின் மூடியைப் பாருங்கள். பெரும்பாலும் 15 அம்பியர், அதாவது நீல நிறப் பியூஸ் இருக்கும். பல வண்டிகளில் அதே பியூஸிலிருந்துதான் ரேடியோ போன்ற வேறு ஒன்றிரண்டுக்கும் மின்சாரம் போகிறது. பின்னால் ஒருவர் 65 வாட் மடிக்கணினிச் சார்ஜரையும் இருவர் 18 வாட் கைபேசிச் சார்ஜர்களையும் செருகினால் 101 வாட் ஆகிறது. அதை 12ஆல் வகுத்து, சார்ஜருக்குள் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 10 அம்பியர். கமராவையும் ரேடியோவையும் சேர்த்துப் பாருங்கள், பியூஸ் எல்லையில் நிற்கும். அது ஒரு நாள் எரியும். எரிந்தவுடன் யாராவது 30 அம்பியர்ப் பச்சைப் பியூஸைச் செருகிவிடுவார்கள். அதன்பின் பியூஸுக்குப் பதிலாக வயர்தான் எரியும். பியூஸ் பாதுகாப்பது சார்ஜரை அல்ல, வயரை என்பது நம் தொழிலில் இருப்பவர்களுக்கே பல வேளைகளில் மறந்துபோகிறது.

ஆகவே பற்றரியின் நேர்முனையிலிருந்து தனி வயர் எடுங்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் கொண்ட, மெல்லிய இழைகள் நிறைந்த வாகன வயர் போதும். பற்றரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 அம்பியர் பியூஸ் ஹோல்டர் வர வேண்டும். பியூஸை வசதி கருதிச் சொக்கட்டுக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி வைத்தால், பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையே உள்ள முழு வயரும் பாதுகாப்பில்லாமல் ஆசனச் சட்டத்தை உரசிக்கொண்டே கிடக்கும். ஓரிடத்தில் உறை தேய்ந்து தகட்டில் பட்டால், பற்றரியில் இருக்கும் அத்தனை மின்னோட்டமும் அந்த வழியே பாயும்.

இராகலை எழுதியது:

இதற்கெல்லாம் பற்றரி வரை போகத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். பியூஸ் பெட்டியில் செருகும் கிளைப் பியூஸ் ஹோல்டர் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. பழைய பியூஸைக் கழற்றி அதில் போட்டு, புதிய வழிக்கு இன்னொரு பியூஸைப் போட்டு, அதே துளையில் செருகினால் வேலை முடிந்தது. என் காரில் கமராவை அப்படித்தான் இணைத்திருக்கிறேன், ஒரு குறையும் இல்லை.

பண்டாரவளை மின்வேலை எழுதியது:

கமராவுக்கு அது மிக நல்ல வழிதான், தம்பி, மறுக்கவில்லை. கமரா எடுப்பது அரை அம்பியருக்கும் குறைவு. 10 அம்பியர் தொடர்ந்து ஓட வேண்டிய இடத்தில், அந்தச் சிறு ஹோல்டரின் வயரும் அது செருகப்படும் துளையின் பிடிப்பும் சூடாகும். மேலும், அதைச் செருகுவதில் ஒரு திசை இருக்கிறது. துளையின் இரண்டு கால்களில் எது பற்றரிப் பக்கம் என்று சோதனை விளக்கால் பார்த்து, ஹோல்டரின் மின்சாரம் வாங்கும் கால் அந்தப் பக்கம் வருமாறு செருக வேண்டும். மாற்றிச் செருகினாலும் எல்லாம் வேலை செய்யும். ஆனால் புதிய வழியின் மின்னோட்டமும் பழைய பியூஸ் வழியாகவே போகும். இன்னொன்று, ஏர்பேக், பிரேக், எஞ்சின் கணினி ஆகியவற்றுக்கான பியூஸ்களில் எக்காரணம் கொண்டும் கிளை எடுக்காதீர்கள்.

தலவாக்கலை விஞ்ஞான ஆசிரியர் எழுதியது:

வயரின் தடிப்பைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு சதுர மில்லிமீற்றர் செம்பு வயரின் ஒரு மீற்றருக்குத் தடை ஏறத்தாழ 0.017 ஓம். பற்றரியிலிருந்து பின் ஆசனத்துக்கு வயர் சுற்றிப் போக 5 மீற்றர் என்று வைத்துக்கொண்டால், 1 சதுர மில்லிமீற்றர் வயரில் 10 அம்பியர் ஓடும்போது 0.85 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. 2.5 சதுர மில்லிமீற்றரில் அதே தூரத்துக்கு 0.34 வோல்ட். இந்த இழப்பு 5 மீற்றர் நீளத்துக்கும் பரவி வெப்பமாவதால், அதைத் தொட்டுப் பார்த்தாலும் பெரிதாகத் தெரியாது.

ஆனால் இணைப்பு ஒன்று தளர்ந்து, அந்த ஓரிடத்தில் மட்டும் 0.1 ஓம் தடை ஏற்பட்டால், 10 அம்பியரில் 10 வாட் வெப்பம் ஒரு பட்டாணி அளவு இடத்தில் குவியும். பிளாஸ்ரிக் உருகுவதும் கருகல் மணம் வருவதும் அங்கேதான். இதில் பியூஸ் உதவிக்கு வராது என்பதைக் கவனியுங்கள். மின்னோட்டம் கூடவில்லை, அதே 10 அம்பியர்தான் ஓடுகிறது, எனவே பியூஸுக்கு எதுவும் தெரியாது. வயரின் தடிப்பைப் பற்றிக் கேட்பவர்கள் ஏராளம், இணைப்பைப் பற்றிக் கேட்பவர்கள் மிகச் சிலர்.

நானுஓயா எழுதியது:

அப்படியானால் எல்லா இணைப்புகளையும் ஈயம் வைத்து ஒட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா? வீட்டில் வயரிங் செய்து மீதமான 7/0.67 வயரும் கொஞ்சம் இருக்கிறது. என் வண்டிக்கும் இதையே செய்யலாம் என்று நினைக்கிறேன்.

பண்டாரவளை மின்வேலை எழுதியது:

7/0.67 வயரின் தடிப்பு சரிதான், அதுவும் 2.5 சதுர மில்லிமீற்றர். ஆனால் அதில் இருப்பது ஏழு தடித்த கம்பிகள். அது சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்காகச் செய்யப்பட்டது. தோட்டப் பாதையில் ஒரு வருடம் குலுங்கினால் வளைவுகளில் கம்பி ஒவ்வொன்றாக முறியும். வெளியே உறை நன்றாகத்தான் இருக்கும், உள்ளே ஏழில் மூன்று மட்டும் மிச்சமாக இருக்கும்.

ஈயத்தைப் பற்றியும் இதே கவலைதான். சூடாக்கும்போது ஈயம் இழைகளுக்குள் ஊறி ஏறி, ஒட்டிய இடத்துக்கு அப்பாலும் வயரை விறைப்பாக்கிவிடுகிறது. விறைத்த பகுதி முடிந்து மென்மையான பகுதி தொடங்கும் அந்தக் கோட்டில்தான் அதிர்வில் வயர் முறிகிறது. சரியான அளவுள்ள செம்பு வளையத்தை எடுத்து, அதற்கென உள்ள இடுக்கியால் அழுத்தி, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள். அழுத்திய பின் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் மேசையில் வைத்தே கழன்று வரட்டும். வயரின் உறையைக் கடித்துப் பிடிக்கும் நீலநிறக் கிளிப்புகளையும் தவிருங்கள். அவை நம் ஈரத்துக்குப் பச்சை பிடிக்கும். வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தினமும் ஓடும் வண்டிகளில் அந்தக் கிளிப்பைத் திறந்தால் பச்சைத் தூள் கொட்டுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

கொட்டகலை வேன்காரர் எழுதியது:

விபரமாக எழுதியமைக்கு நன்றி. இப்போது முக்கியமான கேள்வி ஒன்று எழுகிறது. பற்றரியிலிருந்து நேரடியாக எடுத்தால், சாவியைக் கழற்றிய பின்னரும் சொக்கட்டில் மின்சாரம் இருக்கும். நல்லதண்ணியில் இரவு பத்து மணிக்குப் பயணிகளை இறக்கிவிட்டு, அவர்கள் மலையேறித் திரும்பும் வரை வண்டியிலேயே படுத்திருப்பேன். அந்த நேரத்தில் சார்ஜ் செய்ய வசதியாக இருக்குமே என்று ஒரு மனம் சொல்கிறது, விடிந்தபின் வண்டி கிளம்புமா என்று இன்னொரு மனம் கேட்கிறது.

தலவாக்கலை விஞ்ஞான ஆசிரியர் எழுதியது:

இரண்டாவது மனம் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் பற்றரி என்எஸ்60 வகை என்றால் அதன் கொள்ளளவு 45 அம்பியர்மணி. சராசரியாக 4 அம்பியர் வீதம் எட்டு மணித்தியாலம் எடுத்தால் 32 அம்பியர்மணி போய்விடுகிறது. மிச்சத்தை வைத்துக்கொண்டு, குளிர்ந்த டீசல் எஞ்சினின் குளோ பிளக்குகளைச் சூடாக்கி, தடித்துப்போன ஒயிலுக்கு எதிராக ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். போதாக்குறைக்கு, குளிரில் பற்றரியின் கொள்ளளவே குறைகிறது. வண்டி கிளப்பும் பற்றரிகள் சிறிது நேரம் பெரிய மின்னோட்டம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. அடிக்கடி ஆழமாக வடியவிட்டால் அவற்றின் ஆயுள் வெகுவாகக் குறைந்துவிடும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 11.9க்குக் கீழே என்றால் விடியற்காலையில் பக்கத்து வண்டிக்காரரைத் தேட வேண்டியதுதான்.

இராகலை எழுதியது:

எஞ்சினை இடையிடையே ஓடவிட்டால் ஆகாதா?

பண்டாரவளை மின்வேலை எழுதியது:

ஆகும். ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே படுத்துக்கொண்டு ஓடவிடாதீர்கள். புகைக்குழாயில் ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் காபன் மோனொக்சைட் உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்குப் போர்வை போதும்.

சாவியோடு மின்சாரம் வந்துபோக, வழி மிகச் சுலபமானது. வயரின் நடுவே நான்கு கால் ரிலே ஒன்றை, அதாவது சிறு மின்னோட்டம் வந்தவுடன் பெரிய மின்னோட்டத்துக்கு வழிவிடும் சுவிட்சை, போடுங்கள். பற்றரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் வயர் 30ஆம் காலுக்கு, சொக்கட்டுக்குப் போகும் வயர் 87ஆம் காலுக்கு, 85ஆம் கால் வண்டியின் உடலுக்கு, 86ஆம் கால் டாஷ்போர்டு லைட்டர்ச் சொக்கட்டின் நேர் வயருக்கு. சாவியைத் திருப்பினால் அந்த வயரில் மின்சாரம் வந்து ரிலே இழுக்கும். ரிலேயின் சுருள் எடுப்பது 0.2 அம்பியருக்கும் குறைவு, ஆகையால் பழைய வயருக்கோ பழைய பியூஸுக்கோ சுமை எதுவும் ஏறுவதில்லை. கராஜில் வெட்டச் சொன்ன அதே வயர்தான், ஆனால் இங்கே அதன் வேலை தகவல் சொல்வது மட்டும். ரிலே வாங்கும்போது அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கால் எண்களைப் படித்துப் பாருங்கள். நான்கு கால் ரிலேக்களிலும் இரண்டு ஒழுங்குகள் இருக்கின்றன.

இரவில் சார்ஜ் அவசியம் என்றால், வரும் வழியில் அந்தச் சொக்கட்டிலேயே ஒரு பெரிய பவர்பேங்கை நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். வண்டிப் பற்றரியைத் தொடாமலே காரியம் முடிந்துவிடும். வோல்ட் காட்டும் சிறு நீல எண்கள் உள்ள சொக்கட்டுகள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ரிலே இல்லாமல் நேரடியாக இணைத்தால், அவையே இரவும் பகலும் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டிருக்கும். பாடசாலை விடுமுறையில் வண்டி நிற்கும்போது அது தெரியவரும்.

லிந்துலை லொறி எழுதியது:

இடையில் என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். எங்களுடையது 24 வோல்ட் லொறி, இரண்டு பற்றரிகள். அவற்றில் ஒன்றின் இரு முனைகளிலிருந்து வயர் எடுத்தால் 12 வோல்ட் கிடைக்கிறது, அதில் சொக்கட் போட்டுக் கொடுப்பதாக ஒருவர் கூறுகிறார்.

பண்டாரவளை மின்வேலை எழுதியது:

வேண்டாம். இரண்டும் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், எஞ்சினோடு சுற்றிச் சார்ஜ் கொடுக்கும் ஒல்டர்னேட்டர் இரண்டுக்கும் ஒரே மின்னோட்டத்தைத்தான் அனுப்பும். நீங்கள் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தால், அது எப்போதும் பாதி வயிற்றோடு இருக்கும், மற்றையது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறிக் கொதிக்கும். சில மாதங்களில் இரண்டையும் மாற்ற வேண்டி வரும். கைபேசிக்கு மட்டும் என்றால் 12 முதல் 24 வோல்ட் வரை ஏற்கும் யூஎஸ்பி சொக்கட் வாங்குங்கள். 12 வோல்ட் கருவி ஏதும் இயக்க வேண்டுமானால், 24ஐ 12ஆக மாற்றும் கொன்வேட்டரை இரண்டு பற்றரிகளின் மொத்த முனைகளிலிருந்து இணையுங்கள்.

பதுளை அக்வா எழுதியது:

ஹைபிரிட் வண்டிகளுக்கும் இதே முறைதானா? எனது டொயோட்டா அக்வாவில் பின் ஆசனத்தடியில் பெரிய பற்றரி இருக்கும்போது எதற்காக 12 வோல்ட்டைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டும்?

பண்டாரவளை மின்வேலை எழுதியது:

அந்தப் பெரிய பற்றரியிலிருந்து நாம் எதையும் எடுப்பதில்லை. அதிலிருந்து போகும் செம்மஞ்சள் நிறக் கேபிள்களில் உயிரைப் பறிக்கும் அளவு வோல்ட் உண்டு. அதன் பக்கத்தில் துளை போடுவதற்கே யோசிக்க வேண்டும். சொக்கட்டுக்கு மின்சாரம் கொடுப்பது தனியான சிறிய 12 வோல்ட் பற்றரி. வண்டி ரெடி நிலையில், அதாவது ஓட்டத் தயாராக, இருந்தால் மட்டுமே பெரிய பற்றரி இதைச் சார்ஜ் செய்யும். வெறும் அக்செசரி நிலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டு சார்ஜ் செய்தால், சிறியது விரைவில் இறங்கிவிடும், வண்டி ரெடி நிலைக்கே வராது. ரெடி நிலையில் விட்டால் பெற்றோல் எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கும் என்பதால், மூடிய கராஜுக்குள் அப்படி விடாதீர்கள்.

கொட்டகலை வேன்காரர் எழுதியது:

ரிலே முறையிலேயே செய்வதென்று முடிவு செய்துவிட்டேன். நெபுலைசரைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே. அவர்களிடம் இருப்பது வீட்டு 230 வோல்ட் கருவி, அடியில் 150 வாட் என்று எழுதியிருக்கிறது.

தலவாக்கலை விஞ்ஞான ஆசிரியர் எழுதியது:

150ஐ 12ஆல் வகுத்தால் 12.5 அம்பியர். 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும் இன்வேட்டருக்குள் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் 14 அம்பியருக்கு மேல். மோட்டார் கிளம்பும் கணத்தில் அதைவிடவும் கூடும். 15 அம்பியர்ப் பியூஸ் தாங்கினாலும் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். மூச்சு முட்டும் பிள்ளையை வைத்துக்கொண்டு அப்படிச் சோதித்துப் பார்க்க முடியாது.

பண்டாரவளை மின்வேலை எழுதியது:

ஆசிரியர் ஐயா கூறுவதோடு இன்னொன்றும் சேர்க்கிறேன். சொக்கட்டின் உள்ளே தொடுவது ஒரு சிறு வில்லும் இரண்டு பக்கத் தகடுகளும் மட்டுமே. அந்தப் பிடிப்பில் 10 அம்பியருக்கு மேல் நீண்ட நேரம் ஓடினால் பிளக்கின் முனை கைசுடும் அளவுக்குச் சூடாகும். பெரிய இன்வேட்டர் வேண்டுமானால் அதற்குச் சொக்கட் அல்ல, பற்றரியிலிருந்து தடித்த தனி வயரும் தனிப் பியூஸும் வேண்டும். மலிவான இன்வேட்டர்களின் அலைவடிவம் மோட்டார்களுக்கு ஒத்துவராது, கொம்பிரசர் இரைந்து சூடாகும். அந்தக் குடும்பத்திடம், யூஎஸ்பியிலோ தன் சொந்தப் பற்றரியிலோ இயங்கும் கையடக்க மெஷ் நெபுலைசர் இருப்பதைச் சொல்லுங்கள். அதற்குச் சில வாட் போதும். பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்து அந்தக் கருவிக்கு ஏற்றதா என்று வைத்தியரிடம் முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

நானுஓயா எழுதியது:

வயரை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதையும் எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்கும் உதவும்.

பண்டாரவளை மின்வேலை எழுதியது:

வேலை தொடங்குமுன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியென்றால் கழற்றிய பின் சில நிமிடங்கள் காத்திருங்கள், மஞ்சள் உறையிட்ட வயர்களைத் தொடாதீர்கள். வயரைப் படிக்கட்டோரப் பிளாஸ்ரிக் பட்டிக்குக் கீழே, ஏற்கெனவே ஓடும் வயர்க் கட்டோடு கொண்டுபோங்கள். ஆசனத் தண்டவாளம் நகரும் இடத்தைக் குறுக்கே கடக்க வேண்டாம். தகட்டுத் துளை எதைக் கடந்தாலும் விளிம்பை மூடும் ரப்பர் வளையமான குரோமெட் இல்லாமல் கடக்காதீர்கள். என்னிடம் பியூஸ் எரிகிறது என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் கோளாறு அங்கேதான் இருக்கும்: துளையின் விளிம்பு உறையை வட்டமாக அறுத்து, செம்பு பளபளவென்று தெரியும். நேர் ரோட்டில் ஒன்றும் ஆகாது, வளைவில் வயர் சாய்ந்து விளிம்பைத் தொட்டவுடன் எரியும்.

எர்த் வயருக்கு, தகட்டில் உள்ள ஒரு போல்ட்டைத் தெரிவு செய்து, அடியில் உள்ள பெயின்டைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரிந்த பின் வளையத்தை வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். ஆசனப் பட்டி பிடித்திருக்கும் போல்ட்டை மட்டும் அதற்காகக் கழற்ற வேண்டாம். சொக்கட்டுக்கான துளை 28 மில்லிமீற்றர் அளவில் வரும், ஆனால் வாங்கியதை அளந்த பின்னரே வெட்டுங்கள். சுவரின் மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்று கைவிட்டுப் பார்க்காமல் துளையிட வேண்டாம். நடு முனை நேர், பக்கத் தகடு எதிர். மாற்றிக் கொடுத்தால் முதல் சார்ஜரே பலியாகும். பற்றரி ஆசனத்தடியில் இருப்பதால், பியூஸைக் கழற்றி வைத்துவிட்டு எல்லா இணைப்பையும் முடித்து, கடைசியாகப் பியூஸைச் செருகுங்கள். பற்றரியிலிருந்து ஐதரசன் வரும், அதன் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது.

கொட்டகலை வேன்காரர் எழுதியது:

வேலை முடிந்தது. எஞ்சின் ஓடும்போது பற்றரி முனையில் 14.1 வோல்ட். பின்னால் 8 அம்பியர் சுமை கொடுத்து, சொக்கட்டின் இரு முனைகளுக்கும் இடையே அளந்தால் 13.5. இது சரியா? யூஎஸ்பியில் கைபேசியைச் செருகினால் வானொலியில் ஓர் இரைச்சலும் வருகிறது.

தலவாக்கலை விஞ்ஞான ஆசிரியர் எழுதியது:

குறைவது 0.6 வோல்ட். உங்கள் 5 மீற்றர் வயரில் 8 அம்பியருக்கு 0.27தான் போக வேண்டும். மீதி 0.33 எங்கே என்று தேடுங்கள். சுமை ஓடும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சொக்கட்டின் எதிர்ப்பக்கத்திலும் மறுமுனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் வைத்துப் பாருங்கள்.

கொட்டகலை வேன்காரர் எழுதியது:

அந்தப் பக்கத்தில் 0.25 காட்டியது. எர்த் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், மேல் பெயின்ட் போயிருந்தாலும் அடியில் சாம்பல் நிறப் பூச்சு மிஞ்சியிருந்தது. அதையும் சுரண்டி இறுக்கிய பின் 0.06 ஆகிவிட்டது. சொக்கட்டில் இப்போது 13.7 வருகிறது.

பண்டாரவளை மின்வேலை எழுதியது:

இனி அதைத் தொட வேண்டாம். இரைச்சல் யூஎஸ்பி சார்ஜருக்குள் இருக்கும் மின்மாற்றும் சுற்றிலிருந்து வருகிறது, வயரிங்கில் குறையில்லை. நம் பக்கம் அலைவரிசை பலவீனமான இடங்களில் அது கூடுதலாகக் கேட்கும். சொக்கட்டுக்குப் போகும் இரண்டு வயர்களையும் சேர்த்து இரைச்சலைத் தணிக்கும் ஒரு பெரைட் வளையத்துக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். குறையாவிட்டால் யூஎஸ்பி பகுதியை மட்டும் தரமானதாக மாற்றுங்கள். நீல நிற 15 அம்பியர் பியூஸ் இரண்டை ஹோல்டரோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுங்கள், இரவில் மஸ்கெலியாவுக்கு அப்பால் கடை திறந்திருக்காது.